கசிவின் ஊற்றுக்கண்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வண்டியின் அடியில் ஒரு சொட்டு எண்ணெயைக் கண்டதும் கை ஸ்பேனரைத் தேடுகிறது. அந்தச் சொட்டு எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் கண் தேடுவதில்லை. எண்ணெய் தெரியும் இடம் ஒன்று. அது வெளியேறும் இடம் மற்றொன்று. அதை வெளியே தள்ளும் காரணம் இருப்பதோ பிறிதோரிடம். இம்மூன்றையும் பிரித்தறியும் முறையைப் பட்டு நெசவூர் ஒன்றின் பின்னணியில் விளக்குகிறது இப்பாடம்.

பட்டைச் சுமக்கும் வண்டி

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை ஒட்டி அமைந்துள்ள ஊர் சேவூர். பட்டு நெசவால் பெயர்பெற்ற அவ்வூரில் தறியும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகள் உண்டு. உள்ளே தறி, முன்னே நடை. அந்த நடையிலேயே இருசக்கர வண்டியும் நிற்கும். பட்டு நூலும் ஜரிகையும் வீடு வந்து சேர்வதும், நெய்து முடித்த சேலை ஆரணிக்குப் புறப்படுவதும் அவ்வண்டியின் முதுகில்தான்.

அத்தகைய வீடு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நடையில் நிற்பது தந்தை காலத்துப் பழைய புல்லட். மூன்று மாதங்களாக அதன் இடப்பக்க அடியில் எண்ணெய் சொட்டுகிறது. முதலில் ஒரு பழந்துணியை விரித்தனர். பிறகு ஒரு தகரத் தட்டை வைத்தனர். இரண்டு முறை பட்டறைக்குச் சென்று வந்தபின்னும் தட்டு நிறைவது நிற்கவில்லை. தறிக்குழியில் இறங்குவதற்கு முன் நெசவாளர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுகிறார். வீட்டுச் சிறுவர்கள் நடையில் ஓடக்கூடாது என்று கட்டளை. அப்படியிருந்தும் ஒருநாள், எவரோ மிதித்து வந்த எண்ணெய்த் தடம் தறியின் ஓரம்வரை வந்துவிட்டது.

மற்றொரு வீட்டில் இது சிறிய தொல்லையாகவே இருந்திருக்கும். பட்டு நெய்யும் வீட்டில் இதன் பொருள் வேறு. பட்டு நூல் மிக நுண்ணிய இழைகள் பல சேர்ந்தது. இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிடைவெளிகள் எண்ணெயைத் திரிபோல உறிஞ்சிப் பரப்பிவிடும். ஓடித் தேய்ந்த எஞ்சின் எண்ணெயில் கரித்துகளும் உலோகத்துகளும் கலந்திருப்பதால் அதன் கறை கருமையானது. பருத்தித் துணியைப் போல அடித்துத் துவைக்கப் பட்டும் இடந்தராது, ஜரிகையும் இடந்தராது. பல நாள் உழைப்பில் உருவான சேலையின் ஓரத்தில் மிளகளவு கறை விழுந்தாலும் அது பழுதுச் சேலை, கூலியில் பிடித்தம். எனவே அந்த நடையில் விழும் ஒவ்வொரு சொட்டும் தறியின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

எண்ணெய் பின்சக்கரத்தின்மேல் படிந்தால் ஏற்படும் தீங்கு இதனினும் பெரிது. எண்ணெய் பட்ட டயர் வளைவில் சாலையைப் பற்றாது. கசிவைக் கண்ட வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அன்று. பின் டயரின் பக்கங்களையும் பிரேக் பகுதியையுமே பார்க்க வேண்டும். அவை நனைந்திருப்பின் வண்டியை உருட்டிச் செல்ல வேண்டுமேயன்றி ஓட்டிச் செல்லலாகாது.

சொல்லும் சொட்டும்

எள்ளிலிருந்து பெற்ற நெய்யே எண்ணெய். அச்சொல் இன்று எள்ளுக்கும் தனக்கும் தொடர்பே இல்லாத, நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்ட கச்சா எண்ணெயில் பிறந்த பொருளையும் குறிக்கிறது. அதுபோலவே, நீர்ப்பொருள் வெளியேறுவதைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் இல்லை. பல சொற்கள் உள்ளன. ஊறுதல், கசிதல், துளித்தல், சொட்டுதல், வடிதல், ஒழுகுதல், பீறிடுதல் என அவை அளவாலும் வேகத்தாலும் வேறுபடுகின்றன. பேச்சில் இவற்றை மாற்றி மாற்றி வழங்கினாலும், வண்டியைப் பழுதுபார்ப்பவர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

மூட்டுவாயின் ஓரத்தில் மங்கலான ஈரம் ஊறித் தூசியைப் பிடித்து வைத்திருந்தால் அதைத் துடைத்துவிட்டுக் கண்காணித்தால் போதும். பழைய எஞ்சின்களில் அது பெரும்பாலும் தீங்கற்றது. துளி திரண்டு கீழே சொட்டினால் காரணத்தைத் தேட வேண்டும். ஓடும்போது மட்டும் ஒழுகினால் உள்ளே அழுத்தம் உண்டென்று பொருள். நிற்கும்போது மட்டும் வடிந்தால் எண்ணெய் தேங்கி நிற்கும் மட்டத்திற்குக் கீழே வழி இருக்கிறது என்று பொருள். ‘எண்ணெய் போகிறது’ என்று வண்டியை ஒப்படைப்பவரைவிட, ‘நின்றால் சொட்டுவதில்லை, ஓடி வந்து நிறுத்தியதும் சொட்டுகிறது’ என்று ஒப்படைப்பவர் பாதி வேலையைத் தாமே முடித்துவிட்டார்.

திருவொற்றியூர் எஞ்சின்

எடுத்துக்காட்டில் வரும் புல்லட், தமிழ்நாட்டோடு நெருங்கிய உறவுடையது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் தோன்றிய ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் புல்லட் வண்டிகளை 1950களின் தொடக்கத்தில் இந்தியப் படை எல்லைக் காவலுக்காகத் தேர்ந்தெடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1955ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. தேவாரப் பாடல் பெற்ற தலமாகிய திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகள் இங்கே பூட்டப்பட்டன. பின்னர் உறுப்புகளும் இங்கேயே வார்க்கப்பட்டன. இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டையொட்டி அந்நிறுவனத்தின் தயாரிப்பு முடிவுற்றது. திருவொற்றியூரில் அது நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரையப்பட்ட எஞ்சினின் அடிப்படை அமைப்பு, இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் இறுதிவரை சில திருத்தங்களோடு உயிரோடிருந்தது.

ஆகவே அவ்வெஞ்சினில் எண்ணெய் கசிவது ஏன் என்னும் கேள்விக்கு விடை, அது வரையப்பட்ட காலத்தின் வழக்கத்தில் இருக்கிறது. எஞ்சினின் அடிப்பெட்டி இடம், வலம் என்று இரு பாதிகளாக வார்க்கப்பட்டுச் செங்குத்தாகச் சேர்க்கப்படுகிறது. அப்பெட்டியைச் சுற்றிவரும் மூட்டு, அடிப்பகுதியில் எண்ணெய் தேங்குமிடத்தின் கீழாகவே செல்கிறது. ஜப்பானியப் பல சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் பெட்டி மேல், கீழ் என்று கிடைமட்டமாகப் பிளக்கப்பட்டிருக்கும். அங்கே மூட்டு எண்ணெய் மட்டத்திற்கு மேலே அமையும். இந்த ஒரு வேறுபாடே கசிவில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கிற்று.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய புல்லட்டில் எண்ணெய் ஒரே இடத்தில் இல்லை. எஞ்சினுக்குரிய எண்ணெய், சற்றேறக்குறைய இரண்டு லிட்டருக்குமேல், அடிப்பெட்டியோடு சேர்த்து வார்த்த தொட்டியில் இருக்கும். இடப்பக்கத்தில் எஞ்சினின் சுழற்சியைக் கிளட்ச்சுக்குக் கொண்டுசெல்லும் சங்கிலிப்பெட்டி உண்டு. அதில் அரை லிட்டருக்கும் குறைவான எண்ணெய் தனியே இருக்கும். பின்னால் கியர்பெட்டி, அதற்கும் தனி எண்ணெய். மூன்று வீடுகள், மூன்று அடுப்புகள். இவற்றுள் எதன் எண்ணெய் தட்டில் விழுகிறது என்பதே முதற்கேள்வி. பின்னாளில் வந்த எஞ்சின்களில் இம்மூன்றும் ஒரே பெட்டிக்குள் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்வதால் இக்கேள்வி எழுவதில்லை.

துடைத்தபின் தேடல்

அழுக்கேறிய எஞ்சினில் கசிவைத் தேடுவது வீண். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளுகிறது. புவியீர்ப்பு அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. எஞ்சினின் தலையில் புறப்பட்ட துளி சிலிண்டரின் பின்புறம் வழிந்து, பெட்டியின் விளிம்பில் தங்கி, அடியிலுள்ள வடிகால் திருகில் திரண்டு விழும். பார்ப்பவர் வடிகால் திருகைக் குற்றஞ்சாட்டி அதை மேலும் இறுக்குவார். அலுமினியத்தில் வெட்டப்பட்ட மரை எஃகுத் திருகின் வலிமைக்கு ஈடுகொடுக்காது; ஒருநாள் கையோடு வந்துவிடும். ‘மரை கழன்றது’ என்று மனிதரைப் பழிக்கும் வழக்கு எந்தப் பட்டறையில் பிறந்ததோ, அங்கே இப்படி ஒரு திருகு இருந்திருக்க வேண்டும்.

எனவே முதல் வேலை துடைப்பது. எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு மூட்டுவாய்களையும் இடுக்குகளையும் கழுவி, உலரவிட வேண்டும். மண்ணெண்ணெய் முற்றும் உலராமல் எஞ்சினை இயக்கலாகாது. சூடான புகைபோக்கி தீக்கு இடமாகிவிடும். உலர்ந்தபின் ஐயத்திற்குரிய பகுதிகளின்மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவ வேண்டும். பிறகு வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவந்து, நல்ல வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடியில் எண்ணெய் கோடிடும். அக்கோட்டின் நுனியைப் பார்ப்பதில் பயனில்லை. அதன் தலை எங்கிருக்கிறது என்று மேல்நோக்கியும் முன்னோக்கியும் பின்தொடர வேண்டும். நனைந்த இடங்களுள் மிக உயரத்திலும் மிக முன்பாகவும் உள்ளதே ஊற்றுக்கு அருகிலுள்ளது.

இதில் நெசவாளருக்குப் புதியது ஏதுமில்லை. துணியில் ஓர் இழை குறைந்து நீளக் கோடு விழுந்தால் அவர் துணியைத் தடவிக்கொண்டிருப்பதில்லை. குனிந்து, விழுதுக்கு அப்பால் பாவில் எந்த இழை அறுந்தது என்று பார்க்கிறார். கோடு தெரிவது முன்னால். இழை அறுந்தது பின்னால்.

எடுத்துக்காட்டு வண்டிக்குத் திரும்பலாம். பொடி தூவிப் பார்த்ததில் எஞ்சினின் தலைப்பகுதி உலர்ந்தே இருந்தது. தலைக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் வெளிக்குழாயின் இணைப்புகளும் உலர்ந்திருந்தன. ஈரம் இடப்பக்கச் சங்கிலிப்பெட்டியின் மூடியைச் சுற்றிய வரியில் தொடங்கிற்று. இரண்டு முறையும் பட்டறையில் செய்தது இம்மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றியதுதான். பழைய புல்லட்டில் இந்தப் பெரிய மூடியை நடுவிலுள்ள ஒரே நட்டு பிடித்து வைத்திருக்கிறது. கசிவு நிற்காதபோது அந்த நட்டை மேலும் இறுக்கியிருந்தார்கள். நடுவில் இறுக்கினால் ஓரம் நெருங்குவதில்லை. மூடி வளைந்து ஓரம் விலகவும் கூடும்.

மூன்றாம் முறை வண்டி சென்றது வேறொரு முதியவரிடம். அவர் வளையத்தைத் தொடவில்லை. வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்தி, சங்கிலிப்பெட்டியின் மட்டம் பார்க்கும் திருகை மட்டும் கழற்றினார். சரியான அளவு இருந்தால் அத்துளையின் விளிம்பில் எண்ணெய் எட்டிப்பார்த்து நிற்க வேண்டும். அங்கே அது வாய்க்கால் மடை திறந்தாற்போல் ஊற்றியது. வந்த எண்ணெயும் தெளிவாக இல்லை. எஞ்சின் எண்ணெயைப் போலக் கறுத்திருந்தது. மறுபுறம் எஞ்சின் தொட்டியின் அளவுகோல், குறைந்த வரைக்கும் கீழே காட்டியது.

“தம்பி, மூடி ஒழுகவில்லை. நிறைந்து வழிகிறது” என்றார் அவர்.

“அரை லிட்டர்கூட ஊற்றவில்லையே ஐயா, எப்படி நிறையும்?”

“நீங்கள் ஊற்றவில்லை, எஞ்சின் ஊற்றுகிறது.”

மூச்சுத் திணறும் எஞ்சின்

எஞ்சின் எண்ணெய் சங்கிலிப்பெட்டிக்குள் வருவதற்கு ஒரே நேர்வழி, எஞ்சினின் சுழல்தண்டு இடப்பக்கமாக வெளியேறும் துளை. அத்துளையில் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதனை ஆயில் சீல் என்பர். அது தேய்ந்திருக்கலாம். மாற்றிவிட்டால் கசிவு நிற்கலாம். பலரும் இங்கே தேடலை முடித்துக்கொள்வர். ஆனால் அந்த சீல் சில மாதங்களுக்கு முன்புதான் மாற்றப்பட்டது என்று நெசவாளர் கூறியதும் கேள்வி மேலும் உள்ளே சென்றது. புதிய சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளுவது எது?

விடையை அறியப் பிஸ்டனின் அடிப்பக்கத்தை நினைத்துப்பார்க்க வேண்டும். பிஸ்டனுக்கு மேலே எரிபொருள் எரிகிறது என்பதைப் பாடநூல்கள் படம்போட்டுக் காட்டுகின்றன. கீழே நிகழ்வதை அவை பெரும்பாலும் காட்டுவதில்லை. 350 வகைப் புல்லட்டில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் பயணம் செய்யும் நீளம் 90 மில்லிமீட்டர். எனவே பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் ஏறத்தாழ 346 கன சென்டிமீட்டர் காற்றை அடிப்பெட்டிக்குள் அழுத்துகிறது. நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் ஓடும்போது இது நொடிக்கு ஐம்பது முறை நிகழும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் இறங்கும்போது இரண்டு ஏறுவதால் உள்ளே இடம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். ஒற்றைச் சிலிண்டரில் அந்த ஈடுகட்டல் இல்லை. அந்தக் காற்றுக்கு வெளியேற வழி வேண்டும்.

அதற்கென அமைந்ததே மூச்சுக்குழாய். பழைய புல்லட்டில் அதன் வாயில் வாத்தின் அலகு போன்ற வடிவில் ஒரு சிறிய ரப்பர் வால்வு இருக்கும். உள்ளிருந்து காற்று வரும்போது அலகு விரியும். பிஸ்டன் மேலேறிக் காற்றை உள்ளிழுக்க முயலும்போது அலகு மூடிக்கொள்ளும். வெளியே போகும் காற்று மீண்டும் உள்ளே வருவதில்லை. இதனால் சில சுற்றுகளிலேயே அடிப்பெட்டியின் சராசரி அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைந்துவிடுகிறது. இந்நிலையில் மூட்டுவாயில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், வெளிக்காற்று உள்ளே புக முயலுமேயன்றி எண்ணெய் வெளியே வராது. கைவிரல் அளவுகூட இல்லாத இந்த ரப்பர்த்துண்டு ஒழுங்காக மூச்சுவிட்டால், எஞ்சினின் மூட்டுகள் அனைத்தும் பாதி காக்கப்பட்டவையே.

ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் எண்ணெய் ஆவியிலும் கிடந்த ரப்பர் கெட்டிப்பட்டு, அலகு ஒட்டிக்கொண்டுவிட்டால் என்ன ஆகும்? வழியடைத்த காற்று வேறு வழி தேடும். எங்கே தடை குறைவோ அங்கே எண்ணெயையும் உடன் அழைத்துக்கொண்டு வெளியேறும். இன்று சங்கிலிப்பெட்டி; அதை அடைத்தால் நாளை சிலிண்டரின் அடி; அதையும் அடைத்தால் மறுநாள் தலை மூடி. ஒவ்வொரு மூட்டாக கேஸ்கெட் மாற்றிக்கொண்டே செல்லும் பட்டறைக்கணக்கு நீள்வதற்கு இதுவே காரணம்.

முதியவர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மூச்சுக்குழாயின் முனையில் விரலை வைத்தார். விட்டுவிட்டு வரவேண்டிய காற்றுத் துடிப்பு இல்லை. வால்வைக் கழற்றிப் பார்த்தபோது அது எருமைத்தோல்போல் விறைத்திருந்தது. ஒருவேளை வால்வு நன்றாக இருந்து, காற்று அளவுக்கு மீறிச் சீறியிருந்தால் குற்றம் பிஸ்டன் வளையங்களில் இருக்கக்கூடும். தேய்ந்த வளையங்களைத் தாண்டி எரிவாயு கீழிறங்கி அழுத்தத்தைக் கூட்டும். புகைபோக்கியில் நீலப்புகையும் காணப்படும். அந்நிலையில் சிலிண்டரைப் பிரித்தே தீரவேண்டும். இங்கே அந்த அறிகுறி இல்லை.

பல வாரங்கள் ஓடாமல் நின்ற வண்டிக்கு வேறொரு மயக்கமும் உண்டு. தொட்டியிலுள்ள எண்ணெய் பம்பின் இடுக்கு வழியாகச் சிறிது சிறிதாக அடிப்பெட்டிக்குள் இறங்கிவிடும். அளவுகோல் வறண்டு காட்டும். உரிமையாளர் எண்ணெய் குறைந்ததென்று கருதி மேலும் ஊற்றுவார். வண்டியை இயக்கியதும் மிகையான எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே கொட்டும். இது கசிவே அன்று. அளவு தவறியதன் விளைவு. சில நிமிடங்கள் எஞ்சினை ஓட்டி, எண்ணெய் தொட்டிக்குத் திரும்பியபின் அளவு பார்ப்பதே முறை. திருவிழா முடிந்தும் மழைக்காலம் கழிந்தும் வண்டியை வெளியே எடுப்போர் இதை மறந்துவிடுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

1986ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதைந்தது. அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். பக்கவாட்டு உந்துகலத்தின் மூட்டை அடைக்கும் ரப்பர் வளையம், அன்று காலைக் குளிரில் மீள்தன்மை குன்றியதால் சூடான வாயு கசிந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அவ்விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன், ரப்பர்த்துண்டு ஒன்றைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி எடுத்து, அது தன் வடிவுக்கு உடனே திரும்பாததை அனைவர் முன்னிலையிலும் காட்டினார்.

பூட்டும் கை

காரணம் தெரிந்தபின் செய்யும் வேலை எளிது. ஆனால் பொறுமை வேண்டும். புதிய வால்வு பொருத்தியாயிற்று. அது மிகக் குறைந்த விலையுள்ள பொருள். அழுத்தத்தில் வாய் மடங்கிவிட்ட இடப்பக்க சீலையும் மாற்ற வேண்டியிருந்தது. சீலின் உள்விளிம்பில் மெல்லிய சுருள்கம்பி ஒன்று சுற்றியிருக்கும். அந்தப் பக்கம் எண்ணெயை நோக்கி அமைய வேண்டும். மாற்றி வைத்தால் புதிய சீலும் முதல் நாளே ஒழுகும். விளிம்பில் சிறிது எண்ணெய் தடவி, கோணாமல் நேராக அழுத்த வேண்டும். சுத்தியலால் ஒரு பக்கம் தட்டினால் அது சரிந்து அமரும். பழைய சீல் உராய்ந்த இடத்தில் தண்டில் வரி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பதும் வழக்கம். நகம் சிக்கினால் புதிய விளிம்பு அவ்வரியில் படாதவாறு சற்று விலக்கிப் பொருத்துவர்.

மூடியை மீண்டும் வைக்கும்முன் அதன் ஓரம் வளைந்துள்ளதா என்று பார்க்கக் கண்ணாடிப் பலகை போதும். நல்ல தடித்த கண்ணாடியின்மேல் மூடியைக் கவிழ்த்து விளிம்பில் ஒளி புகுகிறதா என்று நோக்கினால் வளைவு தெரிந்துவிடும். பழைய கேஸ்கெட்டின் எச்சத்தைச் சுரண்டுவதற்குத் திருப்புளி கூடாது. அது அலுமினியத்தில் போடும் கீறலே அடுத்த கசிவுக்கு வாய்க்கால். மூங்கில் சிம்பைச் சீவிப் பயன்படுத்தலாம். சேவூரில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. ஒட்டும் பசையை அள்ளிப் பூசும் பழக்கமும் தவறு. வெளியே பிதுங்கும் பசை கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே பிதுங்குவது தெரிவதில்லை. அது பிய்ந்துபோய் எண்ணெய் செல்லும் நுண்துளையை அடைத்தால், சொட்டுக் கசிவைத் தீர்க்கப்போய் எஞ்சினையே இழக்க நேரும்.

பல போல்ட்டுகள் உள்ள மூடியாயின் ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்வதில்லை. எதிரெதிராக, மூன்று சுற்றுகளில், சிறிது சிறிதாக இறுக்குவர். குழாய் இணைப்புகளிலும் வடிகால் திருகிலும் உள்ள செம்பு வாஷர்கள் ஒருமுறை நசுங்கியதும் கெட்டிப்பட்டுவிடும். புதியது கிடைக்காதபோது அவற்றைச் செந்தழலாகக் காய்ச்சி நீரில் போட்டெடுப்பார்கள். அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் எஃகு கடினமாகிறது. செம்பையோ அதே செயல் மென்மையாக்குகிறது. கொல்லர் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது. மற்றவர்கள் ஒருமுறை செய்து பார்த்தால்தான் நம்புவர்.

சங்கிலிப்பெட்டியிலிருந்து வடித்த கரிய எண்ணெயை முதியவர் சாக்கடையில் ஊற்றவில்லை. பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய், 2016ஆம் ஆண்டின் இந்திய விதிகளின்படி இடர்தரும் கழிவு வகையைச் சேர்ந்தது. மண்ணில் ஊற்றினால் அது கிணற்றுநீரைத் தேடிச் செல்லும். நூலுக்குச் சாயமேற்ற நல்ல நீரை நம்பியிருக்கும் ஊரில் அதை எவரும் தெருவில் ஊற்ற மனங்கொள்ளமாட்டார். மூடியிட்ட கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் ஒப்படைப்பதற்காக அது பட்டறை மூலையில் வைக்கப்பட்டது.

மூன்று பெட்டிகளுக்கும் உரிய அளவு எண்ணெய் ஊற்றி, எஞ்சினைத் துடைத்து, மறுபடியும் பொடி தூவி வண்டியை ஆரணி வரை ஓட்டிவந்தார்கள். மூடியைச் சுற்றிய வரியில் பொடி வெள்ளையாகவே இருந்தது. முதியவர் அதைச் சான்றாக ஏற்கவில்லை. “ஒரு வாரம் தாளைப் போட்டுப் பாருங்கள் தம்பி” என்றார். அன்றிரவு நடையில் வண்டியின் அடியில் தகரத் தட்டுக்குப் பதிலாகச் செய்தித்தாள் விரிக்கப்பட்டது. முதல் நாள் காலையில் அதில் இரண்டு புள்ளிகள். இடுக்கில் தங்கியிருந்த பழைய எண்ணெய். மூன்றாம் நாள் ஒரு புள்ளி. ஐந்தாம் நாள் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நெசவாளர் அதை மடித்து வைத்தார். ஏழாம் நாளும் அதே தாளைத்தான் விரித்திருந்தார்கள். தறியில் அன்று முந்தானை முடியும் நாள். மாலையில் சேலையை மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, பின்னிருக்கையில் கட்டினார்கள்.

கற்பவை கற்றபின்

1. ஊறுதல், கசிதல், சொட்டுதல், வடிதல், ஒழுகுதல், பீறிடுதல் ஆகிய சொற்களைப் பொருள் வேறுபாடு விளங்குமாறு தனித்தனித் தொடர்களில் அமைக்க.

2. சங்கிலிப்பெட்டியின் ரப்பர் வளையத்தை இருமுறை மாற்றியும் கசிவு நிற்காமைக்குரிய காரணங்களைப் பாடத்திலிருந்து வரிசைமுறையில் எழுதுக.

3. உங்கள் ஊரிலுள்ள பழுதுநீக்கும் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் தொழிலில் வழங்கும் பத்துச் சொற்களைத் திரட்டிப் பொருளுடன் வகுப்பில் பகிர்க.